நாமக்கல்லில் நிலாக்கல் உண்டா?

சந்திரயான்-2 செய்திகளில் பரமத்திவேலூர் வட்டத்துச் சித்தம்பூண்டியின் பெயர் அடிபட்டதிலிருந்து அந்த ஊர்க் கல்லைச் சுற்றிப் பல பேச்சுகள். கேட்க இனிமையாக இருக்கின்றன. ஆனால் அந்தக் கல்லின் உண்மைக் கதை அவற்றைவிடப் பெரியது.

நம்பிக்கை: சித்தம்பூண்டிக் கல் நிலாவிலிருந்து விழுந்தது.

இல்லை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள்ளேயே பிறந்தது. அதன் பெயர் அனார்த்தசைட். கால்சியம் மிகுந்த பெல்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கனிமம்தான் அதில் பெரும்பங்கு. நிலாவில் நாம் பார்க்கும் வெண்மையான மேட்டுநிலங்களும் இதே வகைக் கல்லே. அதனால்தான் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோ இதைப் பொடித்து நிலா மண்ணைப் போலச் செய்துகொண்டது.

இரண்டும் ஒரே வகை. பிறப்பு மட்டும் வேறு. நிலா உருவான புதிதில் அதன் மேற்பகுதி முழுவதும் கற்குழம்புக் கடலாக இருந்தது. அது ஆற ஆற, கனமான ஒலிவின் போன்ற கனிமங்கள் அடியில் தங்கின. லேசான பெல்ஸ்பார் பாலேடு போல மேலே மிதந்து இறுகியது. 1969-இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் கிடந்த சிறு வெண்துணுக்குகளே இந்தக் கருத்துக்கு வித்திட்டன. 2023-இல் நிலாவின் தென்பகுதியில் இஸ்ரோவின் பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணும் அதற்கு வலுச்சேர்த்தது. நிலாவின் அந்தக் கற்குழம்பில் நீர் அரிது.

சித்தம்பூண்டியிலோ நீர்தான் கதாநாயகன். பூமியின் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும்போது தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்கிறது. அந்த நீர் மேலேயுள்ள கவசப் (மேன்டில்) பாறையை உருக்குகிறது. இவ்வளவு கால்சியம் மிகுந்த பெல்ஸ்பார் விளைய, நீர் கலந்த குழம்பு மிகவும் ஏற்றது. அங்கே குரோமைட் அடுக்குகளோடு ஆம்பிபோல் கலந்து கிடக்கிறது. நீரைத் தன் படிகத்துக்குள்ளேயே பூட்டிவைத்திருக்கும் கனிமம் அது. இதையெல்லாம் வைத்துத்தான், தட்டு அமிழ்ந்த இடத்தில் விளைந்த கல் இது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கிரீன்லாந்தின் ஃபிஸ்கனாசெட் பாறைகளுக்கும் இதே விளக்கம் சொல்லப்படுகிறது.

நம்பிக்கை: அங்கே எரிமலை வெடித்து ஓடிய குழம்பு இது.

வெளியே கொட்டிய குழம்பு சட்டென்று ஆறிவிடும். அதன் படிகங்கள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. சித்தம்பூண்டியில் குழம்பு நிலத்துக்கு அடியிலேயே தேங்கி, மெல்ல ஆறி, அடுக்கடுக்காகப் படிந்தது. கதை அத்தோடு முடியவில்லை. பின்னாளில் நிலப்பகுதிகள் மோதியபோது இந்தக் கல் ஆழத்துக்குப் போய், கடும் அழுத்தத்தில் வெந்து மாறியது. பிறகு மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்டுப் போகவே வெளியே தலைகாட்டியது. அங்கே குருந்தமும் உண்டு. நம் ‘குருந்தம்’ என்ற சொல்தான் உலகக் கனிமவியலில் ‘கொரண்டம்’ ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

நம்பிக்கை: சேலத்து ‘சாக் ஹில்ஸ்’ சுண்ணக்கட்டி மலை, எனவே அங்கே கடல் இருந்தது.

பக்கத்துச் சேலத்துக் கல்லைப் பற்றியும் இப்படி ஒரு பேச்சு உண்டு. பெயர்தான் ஏமாற்றுகிறது. சுண்ணக்கட்டி, கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து ஆவது. சேலத்தில் வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட். ஆழத்திலிருந்து வந்த, மெக்னீசியம் நிறைந்த டியூனைட் பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து வினைபுரிந்ததில் நரம்பு நரம்பாக விளைந்தது அது. அதைச் சுட்டுத்தான் இரும்பாலை உலைகளுக்கு உட்பூச்சுச் செங்கல் செய்கிறார்கள்.