திரிசிராப்பள்ளிச் சாசனமும் குணபரன் சமயமாற்றமும்

திருநாவுக்கரசு நாயனார் புராணம் போதிக்கும் ஆசிரியர்கள், பல்லவவேந்தன் சமணந் துறந்து சைவஞ் சார்ந்த பகுதி வந்துழி, இதற்குத் திரிசிராப்பள்ளிச் சாசனமே சான்று என ஒரு வாக்கியத்தால் முடித்து அப்பாற் செல்வது பெரும்பான்மை வழக்கம். அச்சாசனங் கூறுவது யாது, அது யாருடைய வாக்கு, யாரை நோக்கியது என மாணாக்கன் ஒருவன் வினாவின் விடை பகர வேண்டுமன்றோ? ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சிராமலையின் மேலைக் குடைவரை லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் எனப்படும். அதனைக் குடைவித்தவன் கி. பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காஞ்சியிலிருந்து அரசாண்ட முதலாம் மகேந்திரவர்மன். லலிதாங்குரன், குணபரன், சத்துருமல்லன், அவனிபாஜனன் என்பன அவன் விருதுப் பெயர்களுட் சில. தான் அமைத்த கோயில்களுக்கு இவன் இட்ட பெயர்களை நோக்குக. தளவானூரிற் சத்துருமல்லேசுவரம், சீயமங்கலத்தில் அவனிபாஜன பல்லவேசுவரம், மகேந்திரவாடியிலோ ஊர், ஏரி, திருமால் கோயில் மூன்றும் மகேந்திரன் பெயரே தாங்கின. இறைவன் திருநாமத்துக்கு முன்னே அரசன் பெயர் நிற்கின்றது.

சிராமலைக் குடைவரையிலே கங்காதரமூர்த்தியின் பெருஞ் சிற்பம் ஒன்றுளது. அதன் இருமருங்குமுள்ள தூண்களில் வடமொழிச் சுலோகங்கள் கிரந்த எழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றன் கருத்து வருமாறு: சிவபிரான் நதிகளில் விருப்பமுடையவர், காவிரியின் அழகைக் காணின் அவளையுங் காதலிப்பாரோ என மலைமகள் அஞ்சினாள், அஞ்சித் தன் பிறந்தகம் விட்டு இம்மலையில் வந்து உறைந்து, இந்நதி பல்லவனுக்கு உரிய காதலி எனச் சொல்லிக்கொண்டிருக்கின்றாள். பிறிதொரு சுலோகம், நிலத்திலுள்ள கோயிலில் இருந்து சோழர் பெருவளத்தையுங் காவிரியையுங் காண்பது எங்ஙனம் என அரன் வினாவியருள, மனுவையொத்த குணபரன் முகில் தோயும் இம்மலைக் கோயிலை அளித்தான் என்கின்றது.

சுவைமிக்க கற்பனைதான். ஆயினும் காவிரி யாருடைய ஆறு? சோழருடையதன்றோ? மகேந்திரன் தந்தை சிம்மவிஷ்ணு காலத்திற் பல்லவர் கைப்பட்ட நாடு அது. அவ்வாறு பல்லவனுக்கு உரியது என்பதைச் சேனாபதி கூறவில்லை. உமாதேவியாரையே சான்றாக்கி அரசன் கூறுகின்றான். வாளாற் கொண்ட நிலத்தை வழிபாட்டாலுந் தனதாக்கும் உபாயம் இது. பக்தி பொய் என்று யாம் சொல்லுகின்றிலேம். பக்தியும் அரசியலும் ஒரே தூணில் எழுதப்பட்டுள்ளன என்கின்றேம்.

இனி, சமயமாற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்படுஞ் சுலோகம். குணபரன் என்னும் அரசன் இலிங்கியாய் விளங்க, விபக்ஷ விருத்தியினின்றும் மீண்ட ஞானம் இவ்விலிங்கத்தால் உலகில் நெடிது பரவுக என்பது அதன் பொருள். இலிங்கம், இலிங்கி, விபக்ஷம் என்பன தருக்கநூற் பரிபாஷைகளுமாதலின் இது சிலேடை. தென்னிந்திய சாசனத் தொகுதியின் முதற் பாகத்தை 1890இல் வெளியிட்ட ஹுல்ஷ் பண்டிதர், விபக்ஷ விருத்தி என்றது அரசன் முன்பு சார்ந்திருந்த புறச்சமயத்தை எனக் கொண்டார். பின்வந்த ஆராய்ச்சியாளருட் சிலர் அதற்கு உடன்பட்டிலர். சமணம் என்னுஞ் சொல் அங்கு இல்லை. நாயனார் திருப்பெயரும் இல்லை.

சேக்கிழார் சுவாமிகள் வாழ்ந்தது 12ஆம் நூற்றாண்டு. இடையிலே கழிந்தவை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள். மகேந்திரன் என்னும் பெயரை அவர் எடுத்தோதவில்லை. ஆனால் மனந் திரும்பிய காடவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்கின்றார். புராணத்திலுங் கல்லிலும் குணபரன் என்னும் ஒரே பெயர் வருதல் தற்செயலாகாது. ஆதலின் ஹுல்ஷ் கொண்ட பொருளே பொருத்தம் என்பது எம் துணிபு. எனினும் கல் கூறியது இவ்வளவு, புராணங் கூறியது இவ்வளவு எனப் பிரித்துக் காட்டுதல் ஆசிரியர் கடன். அவ்வாறு காட்டாது விடின், அச்சாசனத்தைப் பிற்காலத்திற் றானே வாசிக்கும் மாணாக்கன் முதலில் ஆசிரியரை ஐயுறுவன். அதன்பின் புராணத்தை ஐயுறுவன்.

இன்னொன்று. அக்காலத்திற் காவிரிக்கரை உழவனுக்கு வடமொழிச் சிலேடை எங்ஙனம் விளங்கும்? அது கற்றோரையும் அரசவையையும் நோக்கியது. ஊர்தோறுஞ் சென்றது அப்பமூர்த்திகளின் செந்தமிழே. குடிகள் சிவநெறி சார்ந்தமைக்குக் காரணம் தேடுவோர் குடைவரையை விட்டுத் தேவாரத்துக்கு வருக.

சமணமும் அவ்வரசனோடு ஒழிந்துவிடவில்லை. மகேந்திரன் பாட்டனான சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவர்க்கு நிலமளித்ததைப் பள்ளன்கோயிற் செப்பேடு கூறுகின்றது. காஞ்சியை அடுத்த அத்திருப்பருத்திக்குன்றத்தில், 14ஆம் நூற்றாண்டில் விசயநகர மந்திரி இருகப்பன் ஒரு மண்டபங் கட்டுவித்தான். அங்குள்ள சமணக் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது.