பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு படம் எடுப்போம்

பிள்ளைகளைப் படம் பிடிக்கும் பெற்றோர் பலர். பிள்ளைகளோடு சேர்ந்து படம் எடுக்கும் பெற்றோர் மிகச் சிலரே. பிறந்தநாள், புதுநன்மை, பாடசாலை விளையாட்டுப் போட்டி என எல்லாவற்றையும் நாம் கைத்தொலைபேசியிற் பதிந்து வைக்கின்றோம். அவற்றிலெல்லாம் பிள்ளை, "இங்கே பார், சிரி" என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நிற்கின்றதேயன்றித் தான் கண்டதை நமக்குக் காட்டுவதில்லை. கமராவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நாம் உதவியாளராக நின்றால் வீட்டில் ஒரு நல்ல பாடசாலையே உருவாகும். அதற்கான வழிகளை இங்கே பார்ப்போம்.

முதற் படங்களுள் ஒரு வீட்டுப் படம்

1895ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் நாள் பரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் பணம் கட்டிப் பார்க்க வந்தோருக்குத் தம் படங்களைக் காட்டினர். ஒவ்வொரு படமும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. அவற்றுள் ஒன்றில், ஒகுஸ்ட் லூமியேரும் அவர் மனைவியும் தம் கைக்குழந்தைக்கு உணவூட்டுகின்றனர். படம் பிடித்தவர் தம்பி லூயி. ஆகவே, வீட்டுப் படம் என்பது சினிமாவின் வயதை உடையது.

அன்று காட்டிய இன்னொரு படத்தில், ஒருவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகின்றார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கின்றான். நீர் நிற்கின்றது. அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும் நேரத்தில் பையன் காலை எடுக்க, நீர் முகத்தில் அடிக்கின்றது. உங்கள் பிள்ளைகளின் முதற் படமாக இதையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு குழாய், ஒரு முற்றம், நனையச் சம்மதிக்கும் ஒரு தகப்பன் போதும். கதைக்குத் தொடக்கம், சிக்கல், முடிவு என்று மூன்று வேண்டும் என்பதைப் பிள்ளை சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும்.

மூன்று நிமிட எல்லை

1965ஆம் ஆண்டு கொடாக் நிறுவனம் வீட்டுப் பாவனைக்கென 'சூப்பர் 8' என்னும் படச்சுருளை வெளியிட்டது. 50 அடி கொண்ட ஒரு சுருள், விநாடிக்கு 18 படங்கள் வீதம், 3 நிமிடமும் 20 விநாடியும் ஓடும். சுருள் தீர்ந்தால் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆதலால் எதைப் பிடிப்பது என்று முன்னரே யோசித்தார்கள். இன்று கைத்தொலைபேசியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மணிக்கணக்கிற் பிடிக்கின்றோம், ஒருநாளும் திருப்பிப் பார்ப்பதில்லை. எனவே படம் மூன்று நிமிடத்துக்கு மேற் போகக்கூடாது என்ற விதியை வீட்டில் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு கட்டங்கள்

விளையாட்டுப் படத்துக்குப் பின், உண்மையான ஒரு வேலையைப் பிடிக்கலாம். உதாரணமாக, அம்மம்மா ஒடியற்கூழ் காய்ச்சுவதை எடுத்துக்கொள்வோம். கொப்பியின் ஒரு பக்கத்தில் ஆறு கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியைப் பிள்ளைகளே வரையட்டும்:

1. ஒடியல் மா தண்ணீரில் ஊறுகின்றது.
2. பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் நறுக்கும் கைகள்.
3. மீனும் நண்டும் இறாலும் பானையில் விழுகின்றன.
4. பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்கின்றன.
5. ருசி பார்க்கும் அம்மம்மாவின் முகம்.
6. பிலாவிலையைக் கோலி எல்லோரும் குடிக்கின்றார்கள்.

வேலையையும் பங்கிடுங்கள். ஒருவர் கமரா, ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் கொப்பியைப் பார்த்துக் காட்சிகளைச் சரிபிடிப்பவர். அடுத்த படத்தில் இவர்கள் இடம் மாற வேண்டும். மூத்த பிள்ளையே எப்போதும் கமராவை வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

தொலைபேசியைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். இடையில் அழைப்பு வராதபடி முன்னரே நிறுத்திவைக்க வேண்டும். யன்னல் வெளிச்சம் படம் பிடிப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். யன்னலை முன்னே வைத்தால் முகம் இருண்டுபோகும். கையை அசைக்காமல் மனத்துக்குள் பத்து வரை எண்ணிய பின்பே நிறுத்தலாம். பேசுபவருக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். படம் மங்கினாலும் பார்க்கலாம்; பேச்சு விளங்காவிட்டால் பயனில்லை. அடுப்புக்கும் கொதிக்கும் பானைக்கும் அருகில் மட்டும் பெரியவர் ஒருவர் பிள்ளையோடு நிற்பது கட்டாயம்.

பெற்றோரின் பங்கு

இதுவே கடினமான பகுதி. படம் கோணலாக வரும். அம்மம்மாவின் தலை பாதி வெட்டுப்படும். அப்போது கமராவைப் பறித்து நாமே எடுத்துவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். படம் முடிந்ததும் எல்லோருமாக இருந்து பாருங்கள். "இதில் உனக்கு எது பிடித்தது? எதை வேறுவிதமாகச் செய்வாய்?" என்று கேளுங்கள். பிழையைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அடுத்த முறை திருத்திக்கொள்ளும்.

கேள்வி கேட்பதையும் பிள்ளையிடமே விடுங்கள். "அம்மம்மா, உங்களுக்கு ஆர் கூழ் காய்ச்சப் பழக்கினது?" என்று பேரப்பிள்ளை கேட்டால், நாம் இதுவரை கேட்டிராத கதையொன்று வெளிவரலாம். நம் வீடுகள் பலவற்றில் இவ்வாறான கேள்வி இறந்த ஒருவரின், அல்லது காணாமற்போன ஒருவரின் பெயரிற் போய் நிற்கவும் கூடும். அவ்வேளையில் கமராவைக் கீழே வைத்துவிட்டு அருகிற் போய் இருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் தொடர்ந்து பேச விரும்பினால், பிடிக்கலாமா என்று கேட்டே பிடிக்க வேண்டும். பிறர் துயரத்தை மதிப்பது படம் பிடிக்கும் திறமையிலும் பெரிய பாடம்.

பாதுகாத்து வைத்தல்

1995ஆம் ஆண்டு வலிகாம இடப்பெயர்விலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் திருமணப் படத்தைக்கூட இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தாயின் குரல் எப்படி இருந்தது என்று பிள்ளைக்குக் காட்ட ஒன்றுமில்லாதவர்கள் அவர்கள். ஆகையால் எடுத்த படத்தைத் தொலைபேசியில் மாத்திரம் வைத்திராதீர்கள். வேறு இரண்டு இடங்களிலாவது பிரதி இருக்கட்டும். ஒன்று வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் இருப்பது நல்லது. படத்தில் உள்ளோரின் பெயர், இடம், திகதி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். இருபது வருடங்களின் பின் பார்ப்பவர்களுக்கு அந்தக் கொப்பியே துணை. படத்தில் உள்ள எல்லோரின் சம்மதமும் இல்லாமல், பிள்ளைகளின் முகம் உள்ள படத்தை ஊருக்கெல்லாம் பரப்ப வேண்டாம்.

இவ்வாரப் பயிற்சி

இந்த ஞாயிறு மாலை, வீட்டில் வயதில் மூத்தவர் செய்யும் ஒரு வேலையைத் தெரிந்தெடுங்கள். பாய் இழைத்தல், வலை பொத்துதல், அப்பம் சுடுதல் எதுவாயினும் சரி. பிள்ளைகள் ஆறு கட்டங்கள் கீறட்டும். மூன்று கேள்விகளை அவர்களே எழுதட்டும். இரவுச் சாப்பாட்டின் பின் எல்லோரும் சேர்ந்து படத்தைப் பாருங்கள். அந்த மூத்தவரை முன் கதிரையில் இருத்த மறக்க வேண்டாம்.