தொலைபேசியில் வரும் மருந்துக் கட்டளை

கேள்வி: இரவுப் பணியில் டாக்டர் தொலைபேசியில் சொல்லும் மருந்தைக் கொடுத்துவிடுகிறேன். பின்னால் விபரீதம் நேர்ந்தால் பழி என்மேல்தானே விழும்?
— ஒரு செவிலியர், மதுரை

பதில்: முழுப் பழியும் தங்கள்மேல் விழாது, ஆனால் டாக்டர் சொன்னார் என்பது ஒன்றே தங்களைக் காத்துவிடும் என்றும் எண்ணலாகாது. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருப்பதால், ஊழியரின் கவனக்குறைவுக்கு ஆஸ்பத்திரி நிர்வாகமும் நஷ்டஈடு செலுத்தக் கடமைப்பட்டதாகிறது. வைத்தியர்களைக் குற்றவியல் சட்டப்படி தண்டிப்பதற்கோ, சாதாரணப் பிசகு போதாது, மிகக் கடுமையான அஜாக்கிரதை நிரூபணமாக வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் அந்நீதிமன்றமே வரையறுத்தது.

‘ஃபிஃப்டீன்’ என்றது ‘ஃபிஃப்டி’ என்று காதில் விழுவது தொலைபேசியில் அபூர்வமன்று. ஆதலால் மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டருக்கே திருப்பிச் சொல்லி, அவர் ஆமோதித்த பின்னரே ஊசியைக் கையில் எடுங்கள். சொன்னவர் பெயர், மணி, அளவு யாவற்றையும் அப்பொழுதே கேஸ் ஷீட்டில் குறித்து, காலையில் அவர் கையொப்பத்தைத் தவறாமல் வாங்கிவிடுங்கள். எழுதியதில் பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோடிட்டு, தேதியுடன் கையெழுத்திடலாமேயன்றி, வெள்ளை மை பூசி மறைக்கலாகாது. வழக்கென்று வந்தால், பிழையைக் காட்டிலும் மறைப்பே பெரிய சந்தேகத்தைக் கிளப்பும்.