கோடையைத் தாங்கும் தோட்டம்

கம்பளையில் கோடை நீண்டதல்ல. தை மாதத்தின் நடுப்பகுதியில் மழை ஓயும். பங்குனி முடிவில் இடியும் மின்னலுமாகப் பின்னேர மழை வரும் வரை வெயில்தான். அனுராதபுரத்துப் பிள்ளைகள் இதைக் கோடை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் மலைச்சரிவில் வாழும் எங்களுக்கு இந்த இரண்டு மாதமும் ஒரு பரீட்சை. பெய்த மழையை எந்தத் தோட்டம் சேமித்து வைத்தது, எது மகாவலிக்கு அனுப்பிவிட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

உயர்தர வகுப்பில் விவசாயம் படிக்கும் நான், இந்தக் கோடையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தையும் அயல் தோட்டங்களையும் கவனித்துக் குறிப்பெடுத்தேன். அவற்றை வகுப்பில் கற்றவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

கோடையின் அழகுகள்

வெயில் ஏற ஏறப் போகன்வில்லா கூடுதலாகப் பூக்கும். தண்ணீர் குறைவதே அதற்குத் தூண்டுதல். அந்தூரியம் இதற்கு நேர் எதிர். நிழலும் ஈரமும் இல்லாவிட்டால் அதன் இலையோரம் கருகிவிடும். பலாவின் அடிமரத்தில் பிஞ்சுகள் தெரியும். கராம்பு மொட்டுகளைப் பறித்துப் பாயில் உலர்த்துவதும் இந்த நாட்களில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது கோப்பிப் பூ. வறட்சியில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். முதல் மழை விழுந்து ஏறக்குறைய பத்து நாளில் கிளை முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடும். மல்லிகையைப் போன்ற மணம் வேலியைத் தாண்டி வீதி வரைக்கும் வரும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும்.

கோப்பி சொல்லும் பாடம்

இந்தக் கோப்பிக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1824ஆம் ஆண்டு ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளையின் சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கினார். பின்னர் மலைநாட்டின் காடுகள் அழிக்கப்பட்டு எங்கும் கோப்பியே நடப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பெருந்தோட்டத் தொழிலே சரிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது.

ஆனால் கோப்பிச் செடி எங்கள் வீடுகளிலிருந்து போய்விடவில்லை. பலா நிழலில் ஒன்று, கிணற்றடியில் இரண்டு என்று இன்றும் நிற்கிறது. ஒரே பயிரை மலை முழுவதும் நட்டால், ஒரு நோய் வந்தாலே எல்லாம் போய்விடும். பல பயிரும் கலந்து நிற்கும் இடத்தில் நோய் பரவுவது கடினம். ஒன்று போனாலும் மற்றவை மிஞ்சும்.

கண்டிப் பிரதேசத்து வீட்டுத்தோட்டங்கள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. மேல் அடுக்கில் தென்னை, பலா, கித்துள். அதன் கீழே சாதிக்காய், கராம்பு, ஈரப்பலா. இன்னும் கீழே கோப்பி, வாழை, பப்பாசி. நிலத்தோடு இஞ்சி, மஞ்சள், வல்லாரை, ரம்பை. மரத்தில் ஏறுவது மிளகுக்கொடி. மேலடுக்கு வெயிலைத் தடுக்கிறது, உதிரும் இலை மண்ணை மூடுகிறது, பல ஆழங்களில் ஓடும் வேர்கள் சரிவைப் பிடித்து வைக்கின்றன.

பேராதனைப் பூங்காவுக்குப் பாடசாலைச் சுற்றுலா போகும்போது அரசப்பனை வரிசையையும் ஓர்க்கிட் மண்டபத்தையும் பார்த்து வியக்கிறோம். 1821இல் அலெக்சாண்டர் மூன் அமைத்த அந்தப் பூங்கா 147 ஏக்கர். அங்கே அழகைப் பார்க்கலாம். அதைப் பத்துப் பேர்ச் காணியில் கொண்டுவர முடியாது. அதற்கான பாடம் நம் உம்மும்மாமாரின் தோட்டங்களில் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலாவது, மண்முட்டி நீர்ப்பாசனம். மெருகோ பெயின்டோ பூசாத மண்முட்டியைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து நீர் நிரப்ப வேண்டும். மண் காய்ந்தால் முட்டியின் நுண்துளைகள் வழியே நீரை இழுக்கும். நனைந்திருந்தால் கசிவு குறையும். சுற்றிவர ஒரு சாண் தூரத்தில் நான்கு கொச்சிச் செடியோ கத்தரியோ நடலாம். மூன்று நான்கு நாளுக்கொரு தடவை நிரப்பினால் போதும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சீன விவசாய நூலிலேயே இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, பொச்சுமட்டை. இது ஈரத்தை உறிஞ்சி மெல்ல விடும். மரத்தடியில் குழி வெட்டிப் புதைக்கும்போது உட்பக்கம் மேலே இருக்க வேண்டும். மண்ணின் மேல் பரப்பும்போது கவிழ்த்துப் பரப்ப வேண்டும். முழு மட்டையொன்றில் ஓர்க்கிட் செடியைக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் செலவில்லாத பூச்சட்டி.

மூன்றாவது, மட்டம் பார்க்கும் கம்பு. சம உயரமுள்ள இரண்டு கம்புகளின் நுனியைச் சேர்த்துக் கட்டி, இடையில் குறுக்குக் கம்பு வைத்தால் ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவம் வரும். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரு கால்களும் நிற்கும் இடத்தைக் குறித்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் அடையாளம் இடுங்கள். பின் கால்களை இடம் மாற்றி மறுபடியும் அடையாளம் இடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி சரிவின் குறுக்கே காலை மாற்றி மாற்றி வைத்து முளை அடித்துக்கொண்டு போனால், புவியியல் பாடத்தில் கீறும் சமவுயரக்கோடு நிலத்திலேயே கிடைத்துவிடும். அந்த வழியே கல் அடுக்கலாம். வெட்டிவேரோ கிளிரிசீடியாவோ நடலாம். ஓடும் மழைநீர் அங்கே நின்று மண்ணுக்குள் இறங்கும்.

நான்காவது, வுழூச் செய்யும் தண்ணீர். அதில் சவர்க்காரம் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு சிறு வாய்க்கால் வழியாக வாழையடிக்குப் போகிறது. அரிசி கழுவிய தண்ணீர் வல்லாரைப் பாத்திக்கு. ஐந்து வேளையும் போகும் நீர் கோடையில் ஒரு வாழைப்பற்றையைக் காப்பாற்றப் போதுமானது என்பதைக் கண்ணால் கண்டேன்.

ஓர் எச்சரிக்கை. முட்டி, சிரட்டை, பழைய டயர் எல்லாமே டெங்கு நுளம்புக்கும் வீடாகலாம். முட்டையிலிருந்து நுளம்பாக வளர ஒரு வாரமளவே போதும். முட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். சிரட்டையின் அடியில் துளையிடுங்கள். பறவைக்கு வைக்கும் தண்ணீரை நாள்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். நட்ட மரத்தில் பறவை உண்பதும் தர்மம் என்று கற்ற நாம், அயலாருக்குக் காய்ச்சலைக் கொடுக்கலாகாது.

பெற்றோருக்கு ஒரு கணக்கு

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். பத்துப் பேர்ச் என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். பத்து மில்லிமீற்றர் மழையில் அந்தக் காணியில் விழுவது சுமார் 2,530 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கிகள் இரண்டரை. முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்தால் இந்த நீர் சில நிமிடங்களில் கானுக்குள் போய்விடும். மாசியில் கிணறு வற்றும்போது அதைத் திரும்பக் கேட்க முடியாது.

இன்று காணிகள் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டுச் சிறுத்துவிட்டன. வீடு கட்ட முதலில் விழுவது பலாவும் ஈரப்பலாவும்தான். பலாவை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்வது காரணமில்லாமல் அல்ல. சிங்களத்தில் பலாவை 'பத் கஸ' என்பார்கள். சோற்று மரம் என்று பொருள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த வருடம் பயிர் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பல நாள் பகலுணவு பலாக்கொட்டையும் மரவள்ளியும்தான். ஒரு வெள்ளிக்கிழமையில் மரவள்ளியை நடலாம். பலாவை நட்டது உம்மும்மாவின் காலத்தில்.

ஆகவே வீடு கட்டும் பெற்றோர், வாகனம் நிற்கும் இடத்துக்கு மட்டும் கல் பதித்து, மீதி முற்றத்தை மண்ணாகவே விடுங்கள். மாணவிகளே, சித்திரை மழை தொடங்கும்போது ஒரு பலாக்கன்றையும் அதன் நிழலுக்கு ஒரு கோப்பிக் கன்றையும் நடுங்கள். கோப்பி மூன்று நான்கு வருடத்தில் பூக்கும். பலா காய்க்க இன்னும் சில வருடம் கூடுதலாகும். இன்று ஆறாம் வகுப்பில் இருப்பவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதும் வயதில் அதன் முதல் பிஞ்சைச் சமைக்கலாம்.