ஒரு பதிவேட்டின் வழியே சீனா

நுழையும்முன்

ஒரு நாட்டை அறிய அதன் தலைவர்களின் பெயர்களையும் போர்கள் நடைபெற்ற ஆண்டுகளையும் அறிந்தால் போதும் என எண்ணுவோர் உண்டு. ஆனால், மக்கள் தம் வீட்டுப் பெட்டியில் பாதுகாத்து வைக்கும் ஓர் ஆவணமும் அந்நாட்டின் வரலாற்றை எடுத்துரைக்கும். சீன மக்களின் வாழ்வை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வகுத்துவரும் குடும்பப் பதிவேட்டை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

இரண்டு எண்கள்

சீனாவின் ஏழாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2020 ஆம் ஆண்டு நடைபெற்றது. மக்கள்தொகை ஏறத்தாழ 141 கோடி. அவர்களுள் 63.89 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். ஆனால், நகரத்தாராகப் பதிவு பெற்றிருந்தோர் ஏறத்தாழ 45.4 விழுக்காட்டினர் மட்டுமே. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ 26 கோடி மக்களைக் குறிக்கிறது. அவர்கள் நகரத்தில் உழைக்கின்றனர். நகரத்திலேயே உண்டு உறங்குகின்றனர். எனினும், ஏட்டின்படி அவர்கள் நகரத்தார் அல்லர். இன்றைய சீனச் சமூகத்தைப் பயில விரும்புவோர், இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்னும் வினாவிலிருந்தே தொடங்கலாம்.

பதிவேட்டின் தோற்றம்

குடும்பப் பதிவைச் சீனர் 'ஹூகோ' என்பர். 'ஹூ' என்பது குடும்பத்தையும் 'கோ' என்பது வாயையும் குறிக்கும். குடும்பத்தில் உண்ணும் வாய்கள் எத்தனை எனக் கணக்கிடுவதே இச்சொல்லின் உட்பொருள். பேரரசர் காலத்திலேயே வரி விதிப்பதற்காகக் குடும்பப் பதிவுகள் பேணப்பட்டன. 1958 ஜனவரியில் மக்கள் சீனக் குடியரசு இயற்றிய சட்டம், அப்பதிவை மக்களின் இடப்பெயர்வைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கியது. சிற்றூரார் நகரத்தில் குடியேற வேண்டுமெனில், வேலைக்கான சான்றோ கல்வி நிலையச் சேர்க்கைச் சான்றோ நகரப் பதிவு அலுவலகத்தின் இசைவோ தேவைப்பட்டது.

புதிய அரசு கனரகத் தொழில்களை விரைந்து வளர்க்க முனைந்தது. அதற்கு, நகரத் தொழிலாளர்க்குக் குறைந்த விலையில் உணவு கிடைக்க வேண்டியிருந்தது. வயல்களில் உழவர் தொடர்ந்து நிலைத்திருக்கவும் வேண்டியிருந்தது. எனவே, தானியப் பங்கீடு, வீடு, மருத்துவம், ஓய்வூதியம் ஆகியன நகரப் பதிவு உடையோர்க்கு உரியனவாயின. 1959 முதல் 1961 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் உயிரிழந்தோருள் மிகப் பெரும்பாலோர் சிற்றூராரே. தானியத்தை விளைவித்தோர் பசியால் மாண்ட அவலத்தை, இப்பிரிவினையோடு இணைத்தே ஆய்வாளர் காண்கின்றனர்.

வேலி தளர்ந்த காலம்

1978 ஆம் ஆண்டின் இறுதியில் சீனா பொருளாதாரச் சீர்திருத்தப் பாதையில் அடியெடுத்து வைத்தது. கூட்டுப்பண்ணை முறை நீங்கி, நிலத்தைப் பயிரிடும் பொறுப்பு குடும்பங்களுக்கு வந்தது. வயலில் தேவைக்கு மிஞ்சிய கைகள் வேலை தேடிப் புறப்பட்டன. 1980 இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஷென்சென் போன்ற நகரங்கள் அவர்களை ஈர்த்தன. உலகச் சந்தைகளை நிறைத்த சீனப் பொருள்களுள் பெரும்பகுதி இவர்களின் உழைப்பில் உருவானவையே. இவர்களுக்கு வழங்கும் பெயர் 'நோங்மின்கோங்'. உழவர், தொழிலாளர் என்னும் இரு சொற்களின் இணைப்பு அது. ஆலையில் இருபது ஆண்டுகள் உழைத்தவரும் ஏட்டில் உழவராகவே நீடித்தார்.

பிரிவினையின் விலை

பிள்ளைகளின் கல்வியில் இதன் சுமை மிகுதியாகத் தெரிகிறது. உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வாகிய 'காவ்காவ்' தேர்வைப் பெரும்பாலும் பதிவுள்ள மாநிலத்திலேயே எழுத வேண்டும். எனவே, பெற்றோருடன் நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர், பழகிய பள்ளியையும் நண்பர்களையும் விட்டுச் சொந்த மாநிலத்திற்குத் திரும்புகின்றனர். வேறு பலர் தொடக்கம் முதலே தாத்தா பாட்டியிடம் விடப்படுகின்றனர். பெற்றோரைப் புத்தாண்டு விடுமுறையில் மட்டுமே காணும் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு.

2003 இல் குவாங்சோ நகரில், உரிய தங்கல் சான்று இல்லாமையால் பிடித்துவைக்கப்பட்ட இளைஞர் ஒருவர் காவலில் அடியுண்டு இறந்தார். செய்தித்தாள் அதனை வெளிக்கொணர்ந்தது. சட்ட அறிஞர்கள் குரல் எழுப்பினர். அவ்வாண்டிலேயே, வெளியூராரைப் பிடித்துத் திருப்பியனுப்பும் விதிமுறையை அரசு நீக்கியது.

தெரிந்து தெளிவோம்

1998 வரை, பிள்ளையின் பதிவு பொதுவாகத் தாயின் பதிவையே பின்பற்றியது. அதன்பின், தந்தையின் பதிவையும் தேர்ந்தெடுக்க இசைவு கிடைத்தது.

மாற்றமும் தயக்கமும்

உழவர் பதிவு, உழவரல்லாதார் பதிவு என்னும் பாகுபாட்டை நீக்குவதாக 2014 இல் அரசு அறிவித்தது. சிறிய, நடுத்தர நகரங்களில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. எனினும், பெய்ஜிங், ஷாங்காய் போன்ற பெருநகரங்களில் கல்வி, வேலை, காப்பீடு செலுத்திய ஆண்டுகள் முதலியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கியே குடியுரிமைப் பதிவு அளிக்கப்படுகிறது. பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் செலவிடுவது பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகளே. ஆதலால், புதியவரை ஏற்க அவை தயங்குகின்றன. மறுபுறம், ஊர்ப் பதிவோடு நில உரிமையும் பிணைந்துள்ளது. நகரத்தில் வேலை போனால் திரும்பிச் செல்ல ஒரு நிலம் வேண்டும் என்பதால், நகரப் பதிவை விரும்பாத உழவரும் உளர்.

வளர்ச்சி என்னும் ஒற்றைச் சொல்லால் சீனாவை விளக்கிவிட இயலாது. அடக்குமுறை என்னும் ஒற்றைச் சொல்லும் போதாது. நகரத்தில் ஈட்டிய கூலி சிற்றூரில் வீடாக எழுந்தது; அக்கூலியை ஈட்டியவர் தம் பிள்ளையின் குழந்தைப் பருவத்தைக் காணாதிருந்தார். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதே அயல்நாட்டுச் சமூகத்தைப் பயில்வோர்க்குரிய நெறியாகும்.

கற்பவை கற்றபின்

1. 'நோங்மின்கோங்' என்னும் பெயர் உணர்த்தும் முரண்பாட்டை விளக்குக.
2. நகரப் பதிவைச் சிலர் நாடுவதற்கும் சிலர் தவிர்ப்பதற்கும் உரிய காரணங்களை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.