முதல் இரண்டு வாரம்

அன்புள்ள மீனாவுக்கு,

போனில் அவசரத்தில் பேசினால் பாதிதான் மனசில் நிற்கும் என்று எழுதுகிறேன். படித்துவிட்டு அப்பாவிடமும் தம்பியிடமும் காட்டு.

உன் அம்மாவுக்கு, என் அண்ணிக்கு, இரண்டு முழங்காலும் ஒரே நாளில் மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. இதயம், சர்க்கரை, ரத்த அளவு எல்லாம் பார்த்து டாக்டர் சம்மதித்திருக்கிறார், அதில் நான் தலையிடப் போவதில்லை. நாலைந்து நாளில் டிஸ்சார்ஜ் என்பார்கள். அங்கிருந்து நேரே கும்பகோணத்து வீட்டுக்கா, திருச்சியிலேயே ஒரு ரீஹாப் மையத்துக்கா என்று கேட்கிறாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் பிரிக்கும்வரை, அதாவது முதல் இரண்டு வாரம், ரீஹாபில் இருக்கட்டும். அதற்கப்புறம் ஒரு நாள்கூட வேண்டாம், வீட்டுக்கு அழைத்து வந்துவிடு.

ஒரு கால் மட்டும் என்றால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ஆர்த்தோ வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில், ஒரு முழங்கால் மாற்றிக்கொண்டவர்களை வீட்டுக்கே போகச் சொல்லித்தான் அனுப்புவேன். ஆஸ்திரேலியாவில் 165 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. எல்லாரும் ஒரு முழங்கால் மாற்றியவர்கள், வேறு சிக்கல் இல்லாதவர்கள். பாதிப்பேரைப் 10 நாள் ரீஹாபில் தங்கவைத்து, பிறகு வீட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். மீதிப்பேர் நேரே வீட்டுக்குப் போய் அதே பயிற்சியைச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, 6 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்து பார்த்ததில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆகையால், ரீஹாபுக்குப் போனால் முழங்கால் இன்னும் நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நான் அங்கே போகச் சொல்வது வேறு காரணத்துக்காக.

ஒரு கால் ஆபரேஷன் ஆனவர் நாற்காலியிலிருந்து எழும்போது, அந்தக் காலை முன்னால் நீட்டிவிட்டு, நல்ல காலில் பாரத்தைப் போட்டு எழுந்துவிடுவார். இரண்டும் ஆபரேஷன் ஆனவருக்கு நல்ல கால் என்று ஒன்று கிடையாது. உடம்புப் பாரம் முழுக்கக் கையில் போட்டுத்தான் எழ வேண்டும். அண்ணிக்குத் தோள்பட்டையும் வலிக்கிறது என்பதை மறந்துவிடாதே.

என் ஓரகத்திக்கு இதே ஆபரேஷன்தான். நேரே வீட்டுக்கு வந்தார். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக வேண்டும் என்றார். கட்டில் தாழ்வானது. கொழுந்தனார் எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து இழுக்க, மொசைக் தரையில் ஓரகத்தியின் பாதம் வழுக்கிக்கொண்டு போனது. நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து மறுபடி கட்டிலில் உட்காரவைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். யாரையும் எழுப்ப வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு. மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எல்லாம் அதன் பிறகு வரிசையாக வந்தன. நம் வீட்டுப் பெண்கள் இப்படித்தான் செய்வார்கள். அண்ணியும் நிச்சயம் செய்வார்.

உங்கள் வீட்டை நினைத்துப் பார். வாசலில் மூன்று உயரமான படி. கழிவறை கொல்லைக் கோடியில், அதுவும் இந்தியன் டைப். அண்ணனுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது, பாரம் தூக்கக்கூடாது. நீ இரண்டு வாரம் லீவு போடுவாய், சரி. பகலெல்லாம் பார்த்துக்கொண்டு ராத்திரி நாலு தடவை எழுந்தால் ஐந்தாம் நாள் நீயே படுத்துவிடுவாய். அந்த லீவை இப்போது செலவழிக்காமல் அண்ணி வீட்டுக்கு வந்த பிறகு எடுத்துக்கொள். அப்போதுதான் நீ வேண்டும். ரீஹாபில் இருக்கும்போது தினமும் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழங்காலை மடக்கும் பயிற்சி வலிக்கும், நன்றாகவே வலிக்கும். முதல் சில வாரத்துக்குள் 90 டிகிரி மடங்கினால்தான் நாற்காலியில் உட்கார்ந்து எழ வசதிப்படும். மடக்குவதைவிட, கால் முழுசாக நீள்வது இன்னும் முக்கியம். அண்ணி கண்ணீர் விட்டால் அண்ணன் பொறுக்க மாட்டார். “விடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று பிசியோதெரபிஸ்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். பாசம் அதிகமுள்ள வீட்டில்தான் முழங்கால் இறுகிப்போவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதும் அப்படித்தான். வைத்தால் சுகமாக இருக்கும், கால் கொஞ்சம் வளைந்தபடியே பழகிவிடும், பிறகு நேராகாது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் கொடுக்கச் சொல்லி, பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிஷம் வைத்தால் தாங்கிக்கொள்ளலாம். ஆரம்ப நாட்களில் இந்தக் கண்டிப்பு அந்நியர் கையில் இருப்பதே நல்லது.

உன்னை அரிப்பது இதெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். “பெண் இருந்தும் அம்மாவை ஹோமில் கொண்டுபோய் விட்டுட்டா” என்று யாராவது சொல்வார்களோ என்பதுதானே? சொல்வார்கள். உன் பெரியப்பா வீட்டிலேயே சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவராவது ராத்திரி இரண்டு மணிக்கு வந்து அண்ணியைத் தூக்கி உட்காரவைப்பார்களா என்று யோசி. மீனா, இதில் நீ குற்றவாளியாக உணர ஒன்றுமே இல்லை.

ஆனால் இடத்தை நேரில் பார்க்காமல் பணம் கட்டாதே. முதியோர் இல்லத்துக்குப் பெயர்ப்பலகை மாற்றி ரீஹாப் என்று நடத்துகிறவர்களும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போ. அந்த நேரத்தில் நோயாளிகள் வாக்கர் வைத்து நடந்துகொண்டிருக்கிறார்களா, எல்லாரும் படுத்து டிவி பார்க்கிறார்களா என்று கவனி. தினம் இரண்டு வேளை பிசியோதெரபி உண்டா, ராத்திரி டியூட்டியில் படித்த நர்ஸ் யார், ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர் என்று கேள். பாத்ரூமுக்குள் நீயே போய், கம்மோடின் இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறதா, வாக்கரோடு உள்ளே நுழைய முடிகிறதா என்று பார். புண்ணில் சந்தேகம் வந்தால் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு எப்படித் தகவல் போகும் என்பதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அந்த இடம் வேண்டாம். நல்ல இடமே கிடைக்கவில்லையென்றால் மோசமான ரீஹாபைவிட வீடு எவ்வளவோ மேல்.

பண விஷயம். தங்கி ஓய்வெடுப்பதும் ரீஹாபும் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பொதுவான விலக்குப் பட்டியலில் உள்ளவை. அது கையிலிருந்து போகிற பணம் என்றே வைத்துக்கொள். டிஸ்சார்ஜுக்குப் பிறகான மருத்துவச் செலவைப் பல பாலிசிகள் 60 நாள்வரை தருகின்றன. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பிசியோதெரபிக்கும் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவை.

வீட்டில் செய்ய வேண்டியதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடு. முன் அறையைக் காலி செய்து, உட்கார்ந்தால் பாதம் தரையில் படிகிற உயரத்தில், ஆனால் தாழ்வில்லாத கட்டில் போடு. கம்மோடு நாற்காலி ஒன்று, கை வைத்த உறுதியான நாற்காலி ஒன்று. நடைபாதையில் கிடக்கும் கால்மிதி, பாய், ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடு. வாசற்படிக்குக் கொத்தனாரை வைத்துக் கைப்பிடி போடு. அண்ணி எழும்போது கையைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் நின்று இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடிக்க வேண்டும் என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் ரீஹாபிலேயே கற்றுக்கொடுக்கச் சொல்.

பார்க்க வருகிறவர்கள் தைலம் கொண்டுவருவார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிடு. கெண்டைக்காலை யாரும் உருவிவிடக் கூடாது, ரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை டாக்டர் சொன்ன கடைசி நாள்வரை நிறுத்தாதே. பத்தியம் என்று தயிரையும் முட்டையையும் நிறுத்தச் சொல்வார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, சுண்டல், பால் எல்லாம் கொடு, சர்க்கரை அளவு மட்டும் ஏறாமல் பார்த்துக்கொள். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலும், புண்ணிலிருந்து நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே டாக்டருக்குப் போன் பண்ணு. தெருமுனைக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதே. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடு.

இவ்வளவும் நீயும் நானும் பேசிக்கொள்கிறோம். அண்ணியிடம் யாராவது கேட்டீர்களா? காலும் வலியும் அவருடையது. “இரண்டு வாரம்தான், தையல் பிரித்த அன்றைக்கே வீட்டுக்கு” என்று தேதியோடு சொல், தேதி இல்லாமல் சொன்னால் கைவிட்டுவிட்டதாகத்தான் நினைப்பார். அப்படியும் வீடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் அவர் இஷ்டப்படியே செய். அப்போது ராத்திரிக்கு நர்ஸ் வைத்தே ஆக வேண்டும், பிசியோதெரபிஸ்டும் தினம் வர வேண்டும். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்காதே.

எது முடிவானாலும் அண்ணி வீட்டுக்கு வருகிற அன்று நான் அங்கே இருப்பேன். ஒரு மாதம் தங்குகிற மாதிரிதான் வருகிறேன், அண்ணனிடம் சொல்லிவிடு. அண்ணியிடம் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் போன் பண்ணு. எந்தெந்த மையம் பார்த்தாய் என்று சொன்னால் அங்கே கேட்க வேண்டியதை நானும் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை