நீரின் வன்மையும் நீர் மென்மையாக்கியின் பழுதறிதலும்

மாணவர்களே! வன்னீருக்கு வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் பலரும் எழுதிவிடுவீர்கள். "காரணம் தருக" என்று அடுத்த பகுதி வந்ததும்தான் புள்ளி கைநழுவும். ஆகவே இம்முறை பழுதடைந்த ஒரு கருவியை முன்வைத்து இப்பாடத்தைப் படிப்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் உள்ளது. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது அக்கல்லையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வாறு நீரில் சேரும் கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் இருகாபனேற்றுக்களால் தற்காலிக வன்மை உண்டாகும். கொதிக்க வைத்தால் இது நீங்கும். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அப்போது உண்டான காபனேற்றே. சல்பேற்றுக்கள், குளோரைட்டுக்கள் என்பவற்றால் ஏற்படும் நிரந்தர வன்மை கொதித்தாலும் நீங்காது.

சில வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள நீர் மென்மையாக்கி இருவகை வன்மையையும் நீக்கும். அதன் தாங்கியினுள் பிசின் மணிகள் உள்ளன. அவை நீரிலுள்ள ஒரு கல்சியம் அயனைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியம் அயன்களை விடுவிக்கும். சோடியம் தீர்ந்ததும் செறிந்த உப்புக்கரைசலைச் செலுத்தி மணிகளைப் புதுப்பிக்க வேண்டும். "உப்பு நீரை மென்மையாக்குகிறது" என்று எழுதினால் புள்ளி கிடையாது. மென்மையாக்குவது பிசின், உப்பு பிசினைப் புதுப்பிக்கிறது. கருவியில் வரும் பழுதுகளிற் பெரும்பாலானவை இந்தப் புதுப்பித்தலில் ஏற்படும் தடைகளே.

சரி, கருவி ஓடுகிறது, ஆனால் சவர்க்காரம் நுரைக்கவில்லை. எதையும் கழற்றுமுன் சோதியுங்கள். கிணற்று நீர், கருவியிலிருந்து வரும் நீர், மழைநீர் ஆகியவற்றைச் சம அளவில் மூன்று போத்தல்களில் எடுத்து, ஒரே அளவு சவர்க்காரக் கரைசல் இட்டுக் குலுக்குங்கள். சலவைத்தூள் கூடாது, அது வன்னீரிலும் நுரைக்கும். கருவி நீர் மழைநீரைப்போல் நுரைத்தால் கருவியிற் குறையில்லை. கிணற்று நீரைப்போல் வெண்ணிறக் கசடு தந்தால், நீர் கருவியைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழி வால்வு திறந்திருக்கிறதா என முதலில் பாருங்கள். செலவில்லாத காரணம் இதுதான்.

அடுத்தது உப்புத் தொட்டி. தொட்டி நிறைய உப்பு இருக்கும், ஆனால் பல வாரங்களாக மட்டம் குறைந்திராது. ஈரலிப்பினால் மேற்பகுதி ஓடுபோல் இறுகி, கீழே வெற்றிடம் உண்டாகியிருப்பதே காரணம். இதனை உப்புப் பாலம் என்பர். தும்புத்தடியின் பிடியால் மெதுவாகக் குத்தி உடையுங்கள். சுவரில் இடித்தால் தொட்டி வெடிக்கும். பின் கையால் புதுப்பித்தலை இயக்கி, அது முடிந்ததும் மீண்டும் நுரைச் சோதனை செய்க.

தொட்டியில் நீர் வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கிறதா? உப்புக்கரைசலை உறிஞ்சும் சிறுதுளைக் குழல் அடைத்திருக்கலாம். மின்னையும் நீரையும் நிறுத்திய பின் அதைக் கழற்றி, பழைய பற்தூரிகையால் கழுவுங்கள். ஊசி குத்தவேண்டாம், துளை பெருத்தால் உறிஞ்சல் கெடும். குழாய் நீர் உப்புக் கரித்தால் கழிவுக் குழாய் மடிந்துள்ளதா எனப் பாருங்கள். பொறிமுறை நேரங்காட்டியுள்ள கருவிகள் மின்வெட்டின்போது நின்றுவிடும். 2022இல் நீண்ட மின்வெட்டுகள் இருந்தபோது இரவில் நடக்கவேண்டிய புதுப்பித்தல் பகலில் நடக்க இதுவே வழிசெய்யும். குழாயிற் சிறு மணிகள் வந்தால் உள்வடிகட்டி உடைந்துள்ளது. அது திருத்துநரின் வேலை.

இனி, பலர் தவறவிடும் பகுதி. இப்பிசின் நேரேற்ற அயன்களையே மாற்றும். உரமிட்ட தோட்டங்களிலிருந்து கிணற்றிற் சேரும் நைத்திரேற்று மறையேற்ற அயன் ஆதலால் அப்படியே கடந்து வரும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடும். எனவே மென்னீர் எல்லாம் பாதுகாப்பான நீர் அல்ல. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இதனைக் கட்டாயம் சொல்லுங்கள். சோடியமும் கூடும்: கல்சியம் காபனேற்றாகக் கணித்த வன்மை லீற்றருக்கு 100 மில்லிகிராம் நீங்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. உயர் குருதியமுக்கம் உள்ளவர் இருப்பின், குடிநீர்க் குழாயை மட்டும் கருவிக்கு முன்னரே பிரித்தெடுப்பது நல்லது.

பயிற்சி
ஒரு கிணற்று நீரின் வன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம். அது முழுவதும் மென்மையாக்கப்படுகிறது.
(அ) ஒரு லீற்றரில் சேரும் சோடியத்தின் அளவைக் காண்க. (விடை: 138 மில்லிகிராம்)
(ஆ) உப்புத் தொட்டி நிறைந்திருந்தும் நீர் வன்மையாக இருப்பதற்கு இரு காரணங்கள் தருக.
(இ) இக்கருவி நைத்திரேற்றை நீக்காமைக்கான காரணத்தை விளக்குக.